கப்பலில் வந்தவள்

கடலோரத்தில் ஒரு மடம் இருந்தது. அதன் எதிரே முன்னொரு காலத்தில் பெரிய துறைமுகம் இருந்ததாம். மணல் மூடிப்போய் முந்நூறு வருஷமாகிறது. யவனர் கப்பலும் இல்லை, கப்பலில் வந்த யவனரும் இல்லை. அவர்கள் விட்டுப்போன வெண்கலப் பெண் ஒருத்தி மட்டும், கையில் அகலை ஏந்தியபடி மடத்து மாடத்தில் நின்றிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகள் வந்து அவளுடைய அகலில் எண்ணெய் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள்.

சீடன் நன்னாகனும் பன்னிரண்டு வருஷமாக அவளைக் கும்பிட்டு வந்தான். ஒரு நாள், தேசமெல்லாம் சுற்றிய வணிகன் ஒருவன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"சாமி, இதா தெய்வம்? யவன தேசத்துல பணக்காரன் வீட்டு மூலைக்கு மூலை இப்படி ஒருத்தி விளக்குப் பிடிச்சிட்டு நிப்பா!"

நன்னாகனுக்கு உடம்பெல்லாம் கூசியது. குருவான வெண்ணி அம்மையிடம் போனான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மை, கடல்ல வந்தவளைக் கடல்லயே விட்டுடட்டுமா?"

"விடேன். நேரம் பார்த்தியா?"

"பார்த்துட்டேன். நாளைக்கு வியாழன். விடிஞ்சதும் குரு ஓரை."

"அந்த ஓரைக் கணக்கும் அதே கப்பல்லதான் வந்து இறங்குச்சு. அதை எந்த ஓரையில கடல்ல விடுவே?"

ஆனாலும் நன்னாகன் மறுநாள் விடியலில் பாவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பனிமூட்டத்தில் எது கடல், எது கரை என்றே தெரியவில்லை. தூக்கத்தில் யாரோ பேசுவதுபோல அலை முனகிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கினான்.

"சாமீ!"

பனிக்குள்ளிருந்து கொற்றி வந்தாள். நிறைமாதம். முன்பு பெற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. கையில் சிரட்டை நிறைய இலுப்பை எண்ணெய்.

"மாடத்துல காணோமேன்னு கேட்டேன், அம்மைதான் இந்தப் பக்கம் கைகாட்டினாங்க. அவளை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"இவ தெய்வமில்ல, கொற்றி. நம்ம ஊர்க்காரியும் இல்ல. யவன தேசத்துக்காரி."

"நான் மட்டும் இந்த ஊர்க்காரியா? மலையடிவாரத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவதானே." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இவ வந்து எத்தனை வருஷமாச்சு?"

"முந்நூறுக்கு மேல இருக்கும்."

"அப்ப என் மாமியாருக்கும் மாமியா. வயசானவளைக் கொண்டுவந்து இந்தப் பனியில, தண்ணியில நிறுத்தியிருக்கீங்களே, சளி பிடிக்காதா?"

நன்னாகனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கொற்றி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரட்டையை மட்டும் சாயவிடவில்லை.

ஒரு தோளில் பாவை, மறு தோளில் சாய்ந்தபடி கொற்றி. மடத்து வாசலுக்கு அவன் வந்து சேர்ந்தபோது உள்ளே பாய் விரித்திருந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மை கொற்றியைக் கைத்தாங்கலாக வாங்கிக்கொண்டாள். நன்னாகன் பாவையை அணைத்தபடி வாசற்படியிலேயே தயங்கி நின்றான்.

"அம்மை, இவளைத் திரும்ப வைக்கணுமே. இப்ப என்ன ஓரைன்னு தெரியலையே."

அம்மை திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள இருட்டா இருக்கு. விளக்கைக் கொண்டா."