வராத ஐந்தாம் புத்தகம்

கிருபாபுரத்தில் எந்தக் காரியம் இழுத்தடித்தாலும் அதற்கு ஒரு பேர் உண்டு. ஆற்றுப்பாலம் கட்டி முடியவில்லையா, பெண்ணுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருக்கிறதா, "அது ஐயாவோட அஞ்சாம் புஸ்தகம்லா" என்பார்கள். சொல்கிறவர்களும் சிரிப்பார்கள், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஊரில் அதற்குச் சிரிக்காதவர் எப்ராயீம் ஒருவர்தான்.

ஐயா என்றால் ஞானாபரணம் ஐயா. பல சபைகளில் குருவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாகமம் முழுவதற்கும் பத்துப் புத்தகமாக விளக்கவுரை எழுதுவது என்று உட்கார்ந்தார். எப்ராயீம் அவருடைய சீடர். சீடர் என்றதும் மீசை முளைக்காத பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுபதைத் தாண்டிய மனிதர். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். ஐயா அறைக்குள் நடந்துகொண்டே சொல்லுவார், எப்ராயீம் மேஜையில் குனிந்து எழுதுவார். அப்படியே இருவருக்கும் தலை வெளுத்துப்போனது.

முதல் நான்கும் வந்தன. ஆறிலிருந்து பத்து வரைக்கும் வந்தன. வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தின் பின்பாதி அடங்கிய ஐந்தாவது மட்டும் வரவில்லை. வாங்கினவர்கள் அலமாரியில் நாலுக்கும் ஆறுக்கும் நடுவே இடம் விட்டு வைத்திருந்தார்கள். காலம் போகப் போக அந்த இடத்தில் தைல பாட்டில் ஏறியது, மூக்குக்கண்ணாடிக் கூடு ஏறியது. காத்திருந்தவர்களில் சிலர் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்விட்டார்கள்.

இத்தனைக்கும் புத்தகம் எழுதி முடித்ததுதான். நின்றுபோனது எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் ஒரே ஒரு பத்தி.

ஐயாவின் உரையில் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் மூன்று பகுதி. முதலில் சொற்பொருள், அடுத்து விளக்கம், கடைசியில் 'ஆறுதல்' என்று தலைப்புப் போட்டு ஒரு பத்தி. முதல் இரண்டையும் குருமார்கள் படித்துக்கொள்வார்கள். ஜனங்களுக்கு வேண்டியது ஆறுதல்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், அடக்கம் முடிந்து வந்து நடக்கிற ஜெபத்தில் ஐயாவின் ஆறுதல் ஒன்றை எடுத்து வாசிப்பது கிருபாபுரத்தில் வழக்கமாகிவிட்டது.

எண்பத்தெட்டோ மற்றச் சங்கீதங்களோடு ஒட்டாத சங்கீதம். மற்றவை அழுதுகொண்டு தொடங்கினாலும் முடிவதற்குள் எங்காவது ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிடும். இது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும். கூட இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

ஆறுதல் எழுதியானதும் எப்ராயீம் அதை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். அதுதான் அவர்கள் வேலை முறை. ஐயா ஜன்னலோரம் நின்று கேட்பார். முடிந்ததும் "அனுப்பும்" என்பார். அச்சகத்துக்குப் போய்விடும். எண்பத்தெட்டுக்கு மட்டும் அவர், "இது இல்ல, கிழிச்சிரும்" என்றார். சில வாரம் கழித்து வேறொன்று சொன்னார். அதையும் கேட்டுவிட்டு, "இது இல்ல." இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் எப்ராயீம் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஐயா, இதுல என்ன குறை? நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பெறகு?"

"இது இல்ல" என்றார் ஐயா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

எப்ராயீம் வீட்டுக்குப் போனார். வீடு என்றால் நான்கு சுவர்தான். அந்தச் சங்கீதத்தில் கை வைத்த சமயத்தில்தான் அவர் மனைவி ஹெப்சிபா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. இன்றைக்கும் அவர் வெளியே கிளம்பும்போது உள்ளே பார்த்து "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். திரும்பி வந்து திறக்கும்போதுதான் அவருக்குச் சங்கடம். அப்போது சொல்வதற்கு ஒரு வார்த்தையும் கிடைப்பதில்லை.

ஐயா மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் ஆறுதல் எழுதின மனிதர், பக்கத்திலேயே கிடந்து உழைத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹெப்சிபாவின் அடக்கத்துக்குப் பிறகு பல நாள் சாயங்காலத்தில் வந்தார். கூடத்து பெஞ்சில் எப்ராயீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் குடித்தார். விளக்குப் போடுகிற நேரம் வந்ததும் எழுந்து போனார். அவ்வளவுதான். அது எப்ராயீமின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அந்தப் பதினோராம் வருஷம் வெளியீட்டுச் சங்கத்தின் செயலாளர் ஆமோஸ் எப்ராயீமைத் தேடி வந்தார்.

"சார், நான் சுத்தி வளைச்சுப் பேச விரும்பல. ஐயாவுக்குக் கண்ணு மங்கிட்டு. உடம்பும் முன்ன மாதிரி இல்ல. அறுப்பின் பண்டிகைக்குள்ள அஞ்சாவது வந்தாகணும்."

"வரலன்னா?"

"அந்த ஒரு பத்திய வேற குருவானவர் யாரையாவது வச்சு எழுதிருவோம்னு கமிட்டி சொல்லுது."

"ஐயா இருக்கும்போதா?"

"எனக்கு மட்டும் ஆசையா சார்? எங்க அம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா."

ஆமோஸ் போன பிறகு எப்ராயீம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். வேறு எவனோ வந்து ஐயாவின் புத்தகத்தில் கை வைப்பதா? அதைவிடத் தானே எழுதிவிட்டால் என்ன? ஐயா எங்கே மூச்சு வாங்குவார், எந்த வார்த்தையைத் தொடமாட்டார், எல்லாம் அவருக்கு அத்துபடி. எழுதினார். ஒரே மூச்சில் வந்தது. ஐயா முடித்துவிட்டார் என்று சொல்லி ஆமோஸிடம் கொடுத்தார்.

பிழை பார்க்கச் சொல்லி அச்சகத்திலிருந்து எப்ராயீமிடம் புரூப் வந்த மறுநாள் காலையில் ஐயா ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் நடப்பதில்லை. செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுகொள்வார்.

"வாரும் எப்ராயீம். ஆமோஸ் வந்திருந்தான். எண்பத்தெட்டை முடிச்சிட்டேன்னு எனக்கு வாழ்த்துச் சொல்லிட்டுப் போறான்."

எப்ராயீம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"புரூப் உம்மகிட்டதானே இருக்கு?"

"இருக்கு ஐயா."

"உக்காந்து வாசியும்."

"ஐயா, நான் செஞ்சது…"

"மொதல்ல வாசியும்."

எப்ராயீம் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். எந்த இருட்டுக்கும் ஒரு விடியல் உண்டு, பிரிந்தவர்களைத் திரும்பக் காணும் நாள் ஒன்று உண்டு, அதுவரை பொறுத்திரு என்று போயிற்று அந்தப் பத்தி. நல்ல தமிழ். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, ஒரு வார்த்தை குறைவில்லை.

ஐயா கண்ணை மூடிக் கேட்டார்.

"நான் எழுதின மாதிரியே இருக்கு. யாரும் சொல்லாம இருந்தா நானே ஏமாந்திருப்பேன்."

"என்னைய மன்னிச்சிருங்க ஐயா."

"அது இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லும். இத வாசிக்கும்போது உம்ம முகம் எப்படி இருந்துச்சு?"

எப்ராயீமுக்கு விளங்கவில்லை. "என் முகமா?"

"ஆமா. முன்னல்லாம் நான் பாத்துக்கிடுவேன். இப்போ எனக்குக் கண்ணு தெரியல. நீருதான் சொல்லணும்."

"என் முகத்த எதுக்கு ஐயா பாத்தீங்க?"

ஐயா மேஜையைத் தடவி, தண்ணீர்ச் செம்பை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார்.

"ஹெப்சிபா அடக்கத்தன்னைக்கு உம்ம வீட்டுல இருபத்திமூணாம் சங்கீதத்து ஆறுதல வாசிச்சாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வீடே அழுதுச்சு. நீரு என்ன செஞ்சீரு?"

எப்ராயீம் தலையைக் குனிந்துகொண்டார். அது அவர் கையால் எழுதின பத்தி. புள்ளி எங்கே வரும், கமா எங்கே வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

"அதுல நாலாவது வரியில ஒரு அச்சுப்பிழை உண்டு ஐயா. நான் பாக்காம விட்டது. வாசிக்கவர் அந்த எடத்துல எப்படி வாசிக்கப் போறாருன்னு கவனிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நான் உம்ம எதிர்லதான் உக்காந்திருந்தேன். பாத்தேன்." ஐயாவின் குரல் தணிந்தது. "பெண்டாட்டிய மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்த மனுஷன், நான் சொன்ன ஆறுதல்ல அச்சுப்பிழை பாத்துக்கிட்டு இருக்கான். எனக்குப் பயம் வந்திட்டு எப்ராயீம்."

எப்ராயீம் புரூப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் எண்பத்தெட்டுக்கு ஒண்ணொண்ணா சொல்லி, உம்மளையே வாசிக்க வச்சேன். சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாலும் கண்ணாடியில உம்ம முகத்ததான் பாப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே முகம். பிழை பாக்குத முகம். அத வச்சிக்கிட்டு எப்படி 'அனுப்பும்'னு சொல்ல?"

"அதுக்காகவா? ஊரே கேலி பண்ணிச்சே ஐயா."

"பண்ணட்டும்."

"ஆமோஸோட அம்மா காத்திருந்து காத்திருந்து போய்ட்டாங்க."

"தெரியும். அந்தப் பாரம் எனக்கு உண்டு." ஐயா கையை மேஜை மேல் வைத்தார். "என்னைக்காவது ஒருநாள் உமக்கு ஆறுதலா ஒண்ணு கெடச்சிரும்னு நெனச்சேன். கெடைக்கல. இப்போ நீரே எழுதியிருக்கீரு. அதனாலதான் கேக்கேன். முகம் எப்படி இருந்துச்சு?"

எப்ராயீம் புரூப்பைப் பார்த்தார். இரண்டாவது வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வாசிக்கும்போதே அதைக் கவனித்திருந்தார்.

"அதே முகந்தான் ஐயா."

வெளியே சைக்கிளில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். சத்தம் தெருமுனை வரைக்கும் போய்த் தேய்ந்தது.

அப்போது எப்ராயீமுக்கு என்ன வந்ததோ, அத்தனை வருஷத்து மனத்தாங்கலும் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா ஐயா? சாயங்காலம் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்தீங்க. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலயே."

"எங்கிட்ட இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"ஒண்ணுமே இல்லயா?"

"இல்ல எப்ராயீம்."

எப்ராயீம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னார்.

"நடுவுல ஒருநாள் நீங்க வரல. உங்களுக்குக் காய்ச்சல்னு மறுநாள்தான் தெரியும். அன்னைக்கு நான் பெஞ்சுல உங்களுக்கு எடம் விட்டுப் பாதிக்கு நகந்து உக்காந்து, தெருவப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளக்கு போடக்கூட எந்திரிக்கல."

சொல்லி முடித்ததும் அவர் குரல் உடைந்தது. ஹெப்சிபா போன அன்றைக்கு வராத அழுகை, வயதான ஆண்பிள்ளைக்கு இப்போது வந்தது. ஐயா தடுக்கவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. நாற்காலியை மட்டும் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கின பிறகு ஐயா கேட்டார்.

"பேனா இருக்கா?"

"இருக்கு ஐயா."

"அந்தப் பத்திய அடிச்சிரும்."

எப்ராயீம் ஒரே கோடாக இழுத்து அடித்தார்.

"தலைப்பையும் அடிச்சிரவா?"

"வேண்டாம். ஆறுதல்னு இருக்கட்டும். கீழ எடம் விடச் சொல்லும். இன்னைக்கே அச்சகத்துக்கு அனுப்பும்."

"பாக்கவங்க அச்சுப்பிழைன்னு நெனப்பாங்களே ஐயா."

"சில பேர் நெனப்பாங்க."

எப்ராயீம் புரூப்பின் ஓரத்தில் அச்சுக்கோப்பவருக்குக் குறிப்பு எழுதத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு எடம் விடச் சொல்லட்டும் ஐயா?"

"ஒரு ஆளு பக்கத்துல வந்து உக்காருத அளவுக்கு."