புள்ளியில்லாத சிறகு

"எல்லாம் போச்சு மேடம். இதுவும் சுருங்கித்தான் வரப்போகுது" என்றார் திருமலைநம்பி.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் நம்பி. அவருக்கு வழிகாட்டி அமலோற்பவம், அவரைவிட வயதில் சின்னவர்.

பட்டாம்பூச்சிச் சிறகில் கண் மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அதை வரைகிற மரபணு எது? ஒன்றன்மேல் சந்தேகப்பட்டு, முட்டையிலேயே அதைச் செயலிழக்க வைத்திருந்தார் நம்பி. வாத்தியார் புத்தி, ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்கவேண்டும் அவருக்கு.

புள்ளியில்லாத முழுச் சிறகு ஒன்று கிடைத்தால் பட்டம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு மூட்டை கட்டவேண்டியதுதான்.

வந்ததெல்லாம் சுருங்கிய சிறகோடுதான் வந்தது.

"ஈரப்பதத்தை மாத்தினேன். இலையை மாத்தினேன். கூண்டையே மாத்திட்டேன். இன்னும் என்னத்த மாத்த?"

"சுருங்கினதை என்ன செஞ்சீங்க?"

"சிறகை மட்டும் வெட்டி எடுத்துட்டு, மிச்சத்தைக் குப்பையில போட்டேன். சிறகுதானே நமக்கு வேணும்?"

அமலோற்பவம் கடைசிக் கூட்டுப்புழுவின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார். சிறகைப் பார்க்காதீங்க."

"வேற எதைப் பார்க்க?"

"மிச்சத்தை."

கூடு வெடித்தது. பட்டாம்பூச்சி வெளியே வந்து கூட்டைப் பிடித்துத் தொங்கப் பார்த்தது. தொங்கினால்தான் சிறகு விரியும். வழுக்கியது. மறுபடியும் பிடித்தது. மறுபடியும் வழுக்கியது.

"ஐயையோ, விழுது!" நம்பி கையை நீட்டி ஏந்திக்கொண்டார்.

அமலோற்பவம் அதன் உடம்பைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு, கம்பியில் தொங்கவிட்டார்.

சிறகு மெல்ல விரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. புள்ளியும் இல்லை.

நம்பி ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கிடைச்சிருச்சு மேடம்! கண்புள்ளியை வரையற மரபணு இதுதான்!"

"அப்படியா? அப்ப அது ஏன் விழுந்துச்சு?"

நம்பி குனிந்தார். அதன் கால்களை அப்போதுதான் பார்த்தார். எல்லாம் பாதியிலேயே நின்றுபோயிருந்தன. பிடித்துத் தொங்க நுனியே இல்லை.

காலில் அவர் கைவைக்கவே இல்லை. கைவைத்தது அந்த ஒரே மரபணுவில்தான். அப்படியென்றால் காலை வளர்ப்பதும் அதுதான்.

நம்பிக்குப் பட்டம் மறந்துபோயிருந்தது.

"மேடம், பட்டாம்பூச்சிக்குப் புள்ளியே வராத ஒரு காலம் இருந்திருக்கும்ல?"

"இருந்துச்சு."

"அப்ப இந்த மரபணு என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

"நடந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார் அமலோற்பவம்.