வெள்ளிக்கிழமை வரை ஒரு காணொளி

இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று உங்களைக் கேட்கப்போவதில்லை. அது சீக்கிரமே தெரிந்துவிடும். கேள்வி, யாருக்கும் கெடுதல் நினைக்காத மூன்று பேரைப் பற்றியது.

ரஞ்சிதம் அருப்புக்கோட்டையில் எட்டு வருடம் கணவனிடம் அடி வாங்கியவள். கடைசியில் ஒருநாள் அவன் கொதிக்கிற எண்ணெயை அவள் வலது கையில் ஊற்றினான். காயம் ஆறியதும், ஆறு வயது மகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு கரூருக்கு வந்துவிட்டாள். தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. வக்கீல் ஒருவர் உதவியால் கணவன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் வாங்கினாள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பது கணவனுக்குத் தெரியாது.

ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பெண்களுக்கான மதிய நிகழ்ச்சியை நடத்திவந்தவர் நிர்மலா. அந்த உத்தரவை வாங்குவது எப்படி என்று ரஞ்சிதத்தைப் பேச வைக்க விரும்பினார்.

"முகத்தக் காட்ட மாட்டோம். குரலையும் மாத்திடுவோம். ஒரே ஒரு தடவதான் வரும்."

"சத்தியமா ஒரு தடவதானே மேடம்?"

"சத்தியமா."

நிர்மலா பொய் சொல்லவில்லை. 'மறு ஒளிபரப்பு வேண்டாம்' என்று படிவத்தில் எழுதியும் கொடுத்தார். ஆனால் அந்த நிலையம் அப்போதுதான் 'மீள்காட்சி' என்ற இலவச இணையச் சேவையைத் தொடங்கியிருந்தது. டிவியில் வந்தவை எல்லாம் மறுநாள் தானாகவே அதில் ஏறிவிடும். முப்பது நாள் வரை யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்க்கலாம். படிவத்தில் இருந்த வரி டிவிக்கு மட்டும் என்று இணையப் பிரிவு எடுத்துக்கொண்டது.

டிவியில் கண் இமைப்பதற்குள் ஓடிவிடுவதைச் செல்போனில் நிறுத்திப் பார்க்கலாம். ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, பக்கத்து மிஷினில் தைக்கும் பெண் அப்படி நிறுத்திய படத்தை ரஞ்சிதத்திடம் நீட்டினாள். "அக்கா, இது உங்க கைதானே?"

தழும்போடு ஒரு கை. அதற்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே ஒரு டவுன் பஸ். அதன் பலகையில் 'கரூர் – வாங்கல்' என்று தெளிவாக இருந்தது.

ரஞ்சிதம் உடனே நிர்மலாவுக்குப் போன் செய்தாள். "இன்னிக்கே எடுத்துடறேன்மா," என்றார் நிர்மலா. ரஞ்சிதம் நம்பினாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். எடுத்துவிட்டார்களா என்று அதில் பார்க்க முடியாது; மேடம் சொன்னால் போதும் என்று வேறு யாரிடமும் பார்க்கச் சொல்லவில்லை.

நிர்மலா மாடியேறி இணையப் பிரிவு அதிகாரி தணிகாசலத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அன்று காலை வந்த ஒரு மின்னஞ்சல். பெயர் இல்லை.

"இந்த நிகழ்ச்சிய மூணு தடவ பாத்துட்டேன். எனக்கும் அதே நிலமதான். என்னத் தனியா வெளிய விட மாட்டாங்க. வியாழக்கிழமை எங்க அக்கா வர்றா. இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு நான் சொன்னா நம்ப மாட்டா. அந்தம்மா பேசுறதக் காட்டினா, மறுநாளே என்னக் கூட்டிட்டுப் போயிருவா. வெள்ளிக்கிழமை வரைக்கும் இத எடுத்துராதீங்க. பதில் போடாதீங்க. அவரு போன எடுத்துப் பாப்பாரு."

"கையையும் பஸ்ஸையும் மறைச்சுப் போடலாமே சார்?" என்றார் நிர்மலா. போடலாம். ஆனால் திருத்திய பிரதியை நிலையத்தின் தணிக்கைக் குழு பார்த்த பிறகுதான் ஏற்ற முடியும். குழு கூடுவது சனிக்கிழமை.

"ஒன்பது நாளா இருந்திருக்கு, ஒண்ணும் ஆகல. இன்னும் நாலு நாள்," என்றார் தணிகாசலம். "இந்தப் பொண்ணுக்கு வேற வழியே இல்லைங்க."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்க பண்ணினீங்க. எடுத்துட்டா இவளுக்கு யாரு பதில் சொல்றது?"

நிர்மலா கீழே இறங்கி வந்தார். ரஞ்சிதத்திடம் என்ன சொல்வதென்று தெரியாமல் செவ்வாய்க்கிழமை முழுவதும் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். புதன்கிழமை மதியம் மனம் தாளாமல், படத்தொகுப்பாளர் லூர்துவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மின்னஞ்சலைப் பற்றியும் சொன்னார். லூர்து யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நான்கு மணிக்குக் காணொளியை நீக்கிவிட்டார். "கொடுத்த வாக்குதான் மேடம் முதல்ல," என்றார்.

ரஞ்சிதத்தின் கணவன் அதைச் செவ்வாய்க்கிழமையே பார்த்திருந்தான். அவளுக்குத் தெரிந்த தொழில் தையல்தான் என்பதால், புதன் காலை கரூரில் இறங்கி, ஒவ்வொரு தையல் கம்பெனியாக விசாரித்துக்கொண்டு வந்தான். ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தவளைக் கம்பெனி வாசலிலேயே அரிவாளால் வெட்டினான். கூட வந்த பெண்கள் கத்திக் கூட்டம் சேர்த்து அவனைப் பிடித்துக் கொடுத்தார்கள். ரஞ்சிதம் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. இனி தைக்க முடியாது.

மறு வாரம், அந்தப் பெயரில்லாத பெண்ணிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. "அக்காகிட்டக் காட்டலாம்னு திறந்தேன். இல்ல. நான் பொய் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டா. அனுசரிச்சுப் போன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டா. இனிமே எழுத மாட்டேன்."

சத்தியம் செய்துகொடுத்து, அதற்காக வாதாடியவர் நிர்மலா. முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் காணொளியை விட்டுவைத்தவர் தணிகாசலம். வாக்கு முக்கியம் என்று அதை நீக்கியவர் லூர்து. நீக்கியது ஒருத்திக்குத் தாமதம், இன்னொருத்திக்கு அவசரம். சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூவருமே இல்லை. வாக்கைக் காப்பதா, இன்னொரு பெண்ணைக் காப்பதா என்று மூவரும் தங்களுக்குள்ளேயே தீர்மானித்தார்கள். ஆபத்து ரஞ்சிதத்துக்கு, ஆனால் காணொளி இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. நிர்மலாவிடம் அவளுடைய எண் இருந்தது. ஆஸ்பத்திரியில் நிர்மலா அந்த மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னார். ரஞ்சிதம் சொன்னாள்: "திங்கக்கிழமையே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மேடம். புள்ளையக் கூட்டிக்கிட்டு நாலு நாள் வேற எங்கயாச்சும் போயிருந்திருப்பேன். படம் அது பாட்டுக்கு இருந்திருக்கும்." பிறகு, "அந்தப் பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டாள். நிர்மலாவுக்குத் தெரியவில்லை.