பூனை வாலின் நுனி சும்மா இருக்காது

அந்தக் காலத்தில், பிராணிகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, பூனைக்கும் வால் இருந்தது. ஆனால் அகப்பைக் காம்பு மாதிரி விறைத்து நிற்கும். ஆடாது, அசையாது. எதற்கென்றே தெரியாமல் பூனைக் குலம் அதைச் சுமந்து திரிந்தது.

ஒரு வீட்டு அடுக்களையில், விறகு மூலையில், சாம்பலி என்ற பூனை மூன்று குட்டி போட்டிருந்தாள். அவை கண் திறக்கும்வரை கவலையில்லை. திறந்த பிறகுதான் வந்தது வினை. மூத்தவன் அடுப்புக் கங்கைத் தட்டிப் பார்க்கப் போனான். நடுவள் அரிவாள்மனை மேல் ஏறினாள். மொச்சை என்ற கடைக்குட்டி தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நடை பழகினாள். மூன்றையும் மாற்றி மாற்றிக் கவ்வி இழுத்தே சாம்பலிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"விளையாடாதீங்கன்னும் சொல்ல முடியல. விளையாடாத குட்டி நாளைக்கு எலி புடிக்காது," என்று புலம்பினாள். "கெடுதல் பண்ணாத சாமான் ஒண்ணு வேணும். அதுவா ஆடணும். ஆடாத சாமானை இதுங்க திரும்பியும் பாக்காது."

சுவரிலிருந்த பல்லி சுவராண்டி காதில் இது விழுந்தது.

"ச்சு ச்சு. என் வால் இருக்கேக்கா. அறுந்து விழுந்தாலும் நாள் பூரா துள்ளும்."

"என்ன கேக்கற?"

"மூணு மாசம் எங்க ஆளுங்க மேல நீ கை வைக்கக் கூடாது."

"மூணா? அறுந்த வாலுக்கா? உனக்குத்தான் வேற மொளச்சுருமே! ஒரு மாசம்."

"ரெண்டு."

"ஒண்ணரை. இல்லேன்னா இப்பவே ஒரு தாவு தாவறேன். வாலோட நீயும் எனக்குத்தான்."

ஒன்றரைக்குப் படிந்தது. வால் பொத்தென்று விழுந்தது.

சாம்பலி சாமானைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கூர் இல்லை. முள் இல்லை. சூடு இல்லை. அத்தனையும் பார்த்தவள் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை: அது குட்டியின் வாய்க்குள் அடங்குமா என்று.

அடங்கியது. மொச்சை ஒரே பாய்ச்சலில் வாலைக் கவ்வினாள். கவ்வியது தொண்டைக்குள் போய்விட்டது. இருமினாள், சத்தம் வரவில்லை. கண் பிதுங்கியது. கால்கள் உதைத்தன. சாம்பலி பாய்ந்து வந்து, முன்னங்காலில் அவளைக் குப்புறப் போட்டு, தலையைத் தொங்கவிட்டு, முதுகில் அறைந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது அறையில் வால் வெளியே தெறித்தது. தரையில் கிடந்து அப்போதும் துள்ளியது, வெட்கங்கெட்ட வால்!

மொச்சை 'மியா' என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் தாய்க்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"டேய் சுவராண்டி! இறங்குடா கீழே! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்றியே, எம்புள்ள தொண்டையில உன் வால் சிக்கும்னு உனக்கு ஒரு ச்சு வரலையா?"

"பேசினது பேசினதுதானேக்கா..." உத்தரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "வேணும்னா அடுத்த வாலைப் பெருசா வளத்துத் தரேன்."

"அறுந்தது எதுவும் இனி எங்குட்டிங்க கிட்ட வரக்கூடாது. வால் எங்கிட்டயே இருக்கு. மெத்துன்னு, நீளமா, உடம்போட ஒட்டினது. எவளாலயும் முழுங்க முடியாது. துள்ளல்தான் இல்ல. அந்தத் துள்ளலைக் குடு. பேசின ஒண்ணரை மாசம் அப்படியே நிக்கும்."

"முழுசும் குடுத்தா நான் எப்படிக்கா பொழைப்பேன்? காக்கா வந்தா வாலைப் போட்டுட்டுத்தானே ஓடறேன். அது துள்ளினாத்தான் அவன் அதையே பாத்துக்கிட்டு நிப்பான். எனக்கும் முட்டை மூணு இருக்கு."

சாம்பலி பல்லைக் கடித்தாள். முட்டை என்ற சொல் அவளைக் கொஞ்சம் அசைத்துவிட்டது.

"சரி, பாதி வெச்சுத் தொலை."

சுவராண்டி இறங்கி வந்து, தன் மொட்டை வாலை அவள் வால் நுனியில் வைத்தான். நுனி சிலிர்த்தது. சுருண்டது. வெடுக்கென்று ஆடியது.

அழுதுகொண்டிருந்த மொச்சை அழுகையை நிறுத்தினாள். தரையோடு பதுங்கினாள். பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிக் குறி பார்த்தாள். பாய்ந்தாள்! வால் நழுவியது. மறுபடி பதுங்கினாள். மற்ற இரண்டும் அடுப்புக் கங்கையும் அரிவாள்மனையையும் மறந்து ஓடி வந்தன.

"மெல்லக் கடிடி, அது அம்மா," என்று நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினாள் சாம்பலி. குட்டி போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக உடம்பை நீட்டிப் படுத்தாள். மூன்று பேரும் வால் எட்டும் தூரத்தில் இருந்தார்கள். வேறெங்கும் பார்க்க வேண்டியதில்லை.

பேசிய ஒன்றரை மாதம் முடிவதற்குள் மொச்சை தன் முதல் கரப்பானைத் தானே பிடித்தாள்.

அன்று முதல்தான் பல்லியின் அறுந்த வால் சற்றே துள்ளி அடங்கிவிடுகிறது. தாய்ப்பூனை நிம்மதியாகக் கண் மூடிக் கிடந்தாலும், வாலின் நுனி மட்டும் குட்டிகளுக்காக ஆடிக்கொண்டே இருக்கிறது.