எழுத்தில்லாத பலகை

ரங்கூனில் புரட்சி அரசு வந்து, தனியார் வணிகப் பள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடிக்கொண்டிருந்த நேரம். வேதமாணிக்கம் மாஸ்டரின் டைப்ரைட்டிங் பள்ளிக்கும் சீல் வைத்தார்கள். முப்பது மெஷினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தெருவே வயிறெரிந்தது. உலகநாதனுக்கு மட்டும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

மாஸ்டரிடமே படித்து, அவரிடமே இருபது வருஷம் வாத்தியாராக இருந்தவன் அவன். ஆனால் போன வருஷம் மாஸ்டர் ஓய்வு பெற்றபோது, நேற்று வந்த ரவூபைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். அந்த நாற்காலியும் லாரியில் போயிற்று. போகட்டும், சனியன்!

அந்த நிம்மதி பத்து நாள்கூட நிற்கவில்லை. ரவூப் பலகைகளில் வட்டம் வட்டமாக டைப்ரைட்டர் கீ வரைந்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் வகுப்பை ஆரம்பித்துவிட்டான். வட்டத்துக்குள் எழுத்தே கிடையாது. டைப் படிக்கிறவர்கள் கீயைப் பார்க்கக் கூடாதல்லவா? பழைய மாணவர்கள் அத்தனை பேரும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

உலகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர் வீட்டுக்குப் போனான்.

"மெஷின் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பவும் அவன் பின்னாடியே போறாங்க. என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு, மாஸ்டர்?"

ரவூப் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த பலகை ஒன்றை மாஸ்டர் எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"அடி."

"எதை?"

"மனசுல வர்றதை."

உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் பறந்தன. வேகத்தில் அவனை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. மூன்று நிமிஷம் அடித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தான்.

"தப்பு இருக்கா, மாஸ்டர்?"

"ஒண்ணுகூட இல்லை."

"பின்னே?"

"நாப்பது வருஷமா விரல் போற இடத்தைப் பார்த்தே எழுத்தைப் படிக்கிறவன் நான். பதினேழு தடவை ரவூப் பேரை அடிச்சே. பிள்ளைங்க பேர் ஒண்ணுகூட வரலை."

உலகநாதன் விரல்களை மடக்கிக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது.

"அவன் அடிச்சா மட்டும் என்ன வந்துடுமாம்?"

"போன வாரம் இங்க உட்கார்ந்து அடிச்சான். இருபத்திரண்டு பிள்ளைங்க பேரும் வந்துச்சு."

"என் பேர் வந்திருக்காதே!"

"அதுதான் முதல் வரி. 'வாத்தியார் உலகநாதன்'னு அடிச்சுட்டுத்தான் பிள்ளைங்க பேரையே ஆரம்பிச்சான்."