ஒரு நாள் உப்பு

"கார் கறள் பிடிக்குது, சாமி" என்றார் குகதாசன்.

பஞ்சாட்சர சாமி ரொறொன்ரோவில் ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இருந்தார். மனக்குறையோடு வருகிறவர்களுக்கு ஒரு கோப்பைத் தேநீரும் ஒன்றிரண்டு வார்த்தையும் தருவார். தேநீர் நன்றாக இருக்கும்.

"தவமலர் எங்கே?" என்றார் சாமி.

மனைவியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பனிக்காலத்தில் அந்த ஊர்த் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். பனி கரையும். கார்களின் இரும்பையும் கறள் என்கிற துரு தின்னும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். குகதாசன் நகரசபையை நினைத்து நினைத்துத் திட்டினார். புதுக் காரைக் கராஜில் பூட்டி, ஹீட்டர் போட்டு, மனைவியின் கம்பளியால் போர்த்திவிட்டார்.

பிறகு, தவமலரின் தங்கச்சி வீட்டுப் பொங்கலுக்கு அவரைப் பட்டுச் சேலையும் பானையுமாக பஸ்ஸில் கூட்டிப்போனார்.

தவமலர் அங்கேயே தங்கிவிட்டார். "நீங்கள் காரோடயே குடும்பம் நடத்துங்கோ" என்றுதான் சொன்னார்.

வீடு வெறிச்சென்று கிடந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் குகதாசன் காரைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

காரைப் பார்க்கவேண்டும் என்றார் சாமி. இருவரும் பஸ்ஸில் போனார்கள்.

கம்பளியை விலக்கினால், கார் பளபளவென்று மின்னியது. சாமி வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, அடியில் விரலை விட்டுத் துழாவினார். விரல் செம்மண் நிறத்தில் வந்தது. அதைக் குகதாசனிடம் நீட்டினார்.

"நக்கிப் பாரும்."

குரு சொல்லைத் தட்டக் கூடாது. நக்கினார். உப்புக் கரித்தது.

"எப்ப பட்ட உப்பு?"

"மார்கழியில, சாமி. ஒரே ஒரு நாள். உங்களைக் கோயிலில இறக்கிவிடப் போன நேரம் பட்டது."

"கழுவேல்லையோ?"

"கழுவுற இடத்துக்கு ரோட்டால எல்லோ போகவேணும். போனா இன்னும் உப்புப் படும்."

சாமி விரலை வேட்டியில் துடைக்கப் போனார். யோசித்து, கம்பளியில் துடைத்தார்.

"தவமலரைக் கூப்பிடப் போனீரோ?"

"இல்லை."

"ஏன்?"

"போனா இன்னும் ஏசுவா, சாமி."

சொல்லிவிட்டுக் குகதாசன் கம்பளியைப் பார்த்தார். நாக்கில் உப்பு இன்னும் இருந்தது.

கம்பளியை இழுத்தெடுத்து உதறினார். மடித்துப் பின் சீட்டில் வைத்தார். கராஜ் கதவைத் திறந்தால், வெளியே உப்பு லொறி ஒன்று தெருவெல்லாம் கொட்டிக்கொண்டு போனது. குகதாசனின் கை கதவை மறுபடி இறக்கப் போனது.

திரும்பிப் பார்த்தார். சாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"கழுவுற இடம் தவமலரிட்டப் போற வழியிலதான் இருக்கு. முதல்ல காரைக் கழுவட்டோ, சாமி?"

"கார் பொறுக்கும்" என்றார் சாமி.