மடை திறக்க ஒருத்தர், மூட ஒருத்தர்

கொக்கரப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், "எங்கயும் போகல, இங்கனதான் இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் நானும் வழி சொல்வதாக இல்லை. நீங்கள் பாட்டுக்கு அங்கே சம்பந்தம் பேசிவிட்டு வந்து, அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

அந்த ஊரில் ஒரு கண்மாய் உண்டு. கண்மாய்க்கு ஒரு சங்கம். மடையைத் திறப்பதும் மூடுவதும் சங்கத் தலைவர் சொற்படிதான். பாதி ஊர் கண்மாய்க்குக் கீழே நெல் போட்டிருந்தது. மீதிப் பாதி கண்மாயில் மீன் பிடித்துக் கருவாடு போட்டு விற்றது. மடையைத் திறந்தால் நெல் பிழைக்கும், மீன் போய்விடும். மூடினால் மீன் பிழைக்கும், நெல் கருகும். கடவுளே வந்தாலும் அங்கே தலைவராக இருப்பது கஷ்டம்.

அந்த வருஷம் ஒச்சப்பன் தேர்தலில் நின்றார். பதவி ஆசையால் அல்ல. பயிர் பால் பிடிக்கிற சமயத்தில் அவர் வயல் வெடித்துக் கிடந்தது. சோறு போடும்போது அவர் சம்சாரம் இருளாயி சொல்லிவிட்டாள்: "மடை தொறக்கலேன்னா இந்த வருசம் பதரத்தான் அறுப்போம். அதத்தான் நானும் பொங்கிப் போடுவேன்."

இருளாயி சொன்னதைச் செய்கிறவள். ஒச்சப்பனுக்குத் தொண்டைக்குள் இப்போதே பதர் அரித்தது.

சங்கத்தில் ஒரு வழக்கம். தலைவரும் துணைத் தலைவரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஓட்டும் ஜோடிக்குத்தான். துணைக்கு யாரைப் போடுவது என்று விசாரிக்க, ஒச்சப்பன் தன் கையாட்களான விருமனையும் சடையனையும் டவுனுக்கு அனுப்பினார். அங்கே அச்சாபீஸ் வேலாயுதம் இருந்தார். எல்லாத் தேர்தலுக்கும் போஸ்டர் அடிக்கிறவர் ஆனதால் அவருக்குத் தெரியாத அரசியல் இல்லை என்பது ஊர் நம்பிக்கை.

"ஒங்க அண்ணனுக்கு நேர் எதிரான ஆளாப் பார்த்துப் போடுங்கப்பா. அப்பத்தான் அவருக்கு விழாத ஓட்டும் சேர்ந்து விழும்" என்றார் வேலாயுதம்.

இருவரும் திரும்பி வந்து ஒச்சப்பனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"அண்ணன் நெட்டை. அப்ப குட்டையா ஒரு ஆளு வேணும்" என்றான் விருமன்.

"அண்ணனுக்கு மீசை இருக்கு. அவனுக்கு இருக்கக் கூடாது" என்றான் சடையன்.

"அண்ணன் வலது கையால சாப்பிடுறாரு."

"அவன் சாப்பிடவே கூடாது."

விருமன் வெகுநேரம் யோசித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் உயிரோட இருக்காரே" என்றான்.

போன வருஷம் காலமான கோயில் பூசாரி எல்லோர் நினைவிலும் வந்துபோனார். குட்டை, மீசை கிடையாது, இப்போது சாப்பாடும் இல்லை. எல்லாம் பொருந்தியிருந்தது.

"வீடு வீடா ஓட்டுக் கேக்க வருவாரா?" என்றார் ஒச்சப்பன்.

"வந்தா நான் ஊர விட்டு ஓடிருவேண்ணே" என்றான் சடையன்.

அதனால் வேலாயுதத்திடம் மறுபடியும் போனார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "உடம்புல இல்லய்யா, கொள்கையில எதிரா இருக்கணும்" என்றார்.

ஒச்சப்பன் திடுக்கிட்டார். "என் கொள்கை என்னடா?"

"மடையத் தொறக்கணும்ங்கிறதுதாண்ணே."

"அது கொள்கையா? நான் இம்புட்டு நாளும் ஆசைன்னுல்ல நெனச்சேன்."

மடையைத் திறக்கக் கூடாது என்பதில் கொக்கரப்பட்டியிலேயே உறுதியான ஆள் யார் என்று தேடினார்கள். தேடவே வேண்டியதில்லை. மீன்காரர்கள் சார்பில் ஒச்சப்பனை எதிர்த்துத் தலைவருக்கு நின்ற தங்கமாயன்தான். வெற்றிலை பாக்குத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனார்கள்.

தங்கமாயன் வாசலில் கவலையாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் போஸ்டர் அடிப்பது வேலாயுதம்தான். அவருக்கும் அதே யோசனைதான் சொல்லப்பட்டிருந்தது.

"மாமா, எனக்கு நேர் எதிரா நீங்க ஒருத்தர்தான் இருக்கீக. துணைக்கு நிக்கணும்" என்றார் ஒச்சப்பன்.

"நானே ஒன்னத் தேடி வரணும்னு இருந்தேன் மாப்ளே. நான் ஒனக்குத் துணை. நீ எனக்குத் துணை" என்றார் தங்கமாயன்.

ஆக ஒரு ஜோடியில் ஒச்சப்பன் தலைவர், தங்கமாயன் துணை. இன்னொரு ஜோடியில் தங்கமாயன் தலைவர், ஒச்சப்பன் துணை. போட்டி கடுமையாக இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

ஒரே டிராக்டரில் ஏறி இருவரும் ஓட்டுக் கேட்டார்கள். ஒச்சப்பன், "மடையத் தொறப்பேன்" என்று பேசி முடித்ததும் தங்கமாயன் மைக்கை வாங்குவார். "இப்பப் பேசுனவரு சொன்ன ஒரு வார்த்தையும் நம்பாதீக. இவரு வந்தா கண்மாய் வறண்டுரும். அதனால மறக்காம இவருக்கே ஓட்டுப் போடுங்க. துணைக்கு நான் இருக்கேன்" என்பார். அடுத்த தெருவில் தங்கமாயன் முதலில் பேச, ஒச்சப்பன் அவரைத் திட்டி அவருக்கே ஓட்டுக் கேட்பார். ஜனங்கள் இரண்டு தெருவிலும் கை தட்டினார்கள்.

ஒச்சப்பன் ஜோடி ஜெயித்தது. தங்கமாயன் தோற்றதற்காக ஒரு பாட்டம் அழுதார். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஜெயித்ததற்காக மாலை போட்டுக்கொண்டார். வாழ்த்த வந்த வேலாயுதம் போகிற போக்கில், "இனிமேலாவது ரெண்டு பக்கமும் சரிசமமா நடந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா போயிருக்கலாம் அந்த மனுஷர்.

மறுநாள் காலையில் தலைவர் ஒச்சப்பன் மேளதாளத்தோடு மடையைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து வயலெல்லாம் நிறைந்தது. சாயங்காலம் துணைத் தலைவர் மடையை மூடினார். அதோடு விடவில்லை. போன தண்ணீர் திரும்பி வந்தால்தானே சரிசமம்? மீன்காரர்கள் வாளியும் குடமுமாக வயலில் இறங்கி, தண்ணீரை மொண்டு, கரையேறிக் கண்மாயில் ஊற்றினார்கள். துள்ளிய மீன்களையும் மடியில் கட்டிக்கொண்டு போய்க் கண்மாயில் விட்டார்கள். ஒச்சப்பனும் துணைக்கு ஒரு குடம் சுமந்தார்.

தினமும் இப்படியே நடந்தது. வேடிக்கை என்னவென்றால், பகலெல்லாம் நனைந்த பயிர் பிழைத்துக்கொண்டது. கண்மாயும் குறையவில்லை. நெல் நன்றாக விளைந்தது. கொக்கரப்பட்டியில் தப்பித் தவறி ஒரு காரியம் உருப்பட்டது அப்போதுதான்.

தலைவர் அறுவடை செய்தார். இருளாயி சந்தோஷமாக உலை வைத்தாள். உலை கொதிப்பதற்குள் துணைத் தலைவர் ஆட்களோடும் நூல்கண்டுகளோடும் வயலுக்கு வந்துவிட்டார். அறுத்த கதிரையெல்லாம் எடுத்து, நின்ற அடித்தாளோடு சேர்த்து ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினார்கள்.

இருளாயி கரண்டியோடு ஓடி வந்தாள். வரப்பில் நின்று பார்த்தாள். எனக்கே அவள் கையில் இருந்த கரண்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"என்ன கட்டு கட்டுறீக?" என்றாள். "காத்தடிச்சா பூராம் கொட்டிப்போகும். முடிச்ச இறுக்கிப் போடுங்க."

"நம்ம சோத்துக்கு என்ன பண்றது?" என்று ஒச்சப்பன் மெதுவாகக் கேட்டார்.

"மாமா நம்ம நெல்லத் திருப்பிக் கட்டிட்டாரு. அவுக வீட்டுல கூடை கூடையா கருவாடு காயுது. நீ பாத்துக்கிட்டு நிக்கிறயே, தலைவரா நீ?" என்றாள் இருளாயி.

ஒச்சப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கமாயன் வீட்டுக் கருவாட்டுக் கூடைகளை வண்டியில் ஏற்றிக் கண்மாய்க்குக் கொண்டுபோனார். தங்கமாயனே கூடையைக் கை பிடித்து இறக்கிக் கொடுத்தார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஒவ்வொரு கருவாடாக, தலையைக் கண்மாய் நடுப்பக்கம் திருப்பி விட்டார் ஒச்சப்பன்.

விருமன் கரையில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுகூட நீந்தலயேண்ணே."

"காஞ்சு கெடந்த ஒடம்புடா. ஊற வேணாமா?" என்றார் ஒச்சப்பன். "சத்தம் போடாம இரு. மெரண்டுரும்."